சின்னப் பள்ளியின் வரவேற்பு மேசையில்

பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர் ஆசிரியர். பெற்றோரின் முகத்துக்கு முகம் கொடுக்கிறவள் வரவேற்பு மேசைக்காரி. இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். என்னுடையது நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆரம்பப் பள்ளி. பெற்றோரில் அநேகர் தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் இருப்பவர்கள். போன வருடம் எங்களை மூடிப் பெரிய பள்ளியோடு சேர்க்கப்போவதாகக் கதை வந்தது. இவை அந்த வருடத்தில் நடந்தவை.

வராத பிள்ளை

காலையில் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஃபோனில் செய்தி அனுப்புவது என் வேலை. அன்றைக்கு முதலாம் வகுப்புப் பவதாரணியின் பெயரும் பட்டியலில் இருந்தது. அனுப்பிக் கால்மணி நேரத்தில் அவளுடைய அப்பா கோழித் தொழிற்சாலை உடுப்போடு ஓடி வந்தார். வாசலில் தானே இறக்கிவிட்டதாகச் சொன்னார்.

கழிப்பறை, மைதானம், பின்வேலி என்று பள்ளி அதிபரும் நாங்களும் ஓடினோம். வகுப்பில் இல்லை என்று பட்டியல் சொன்னதால் வகுப்பை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. அங்கேதான் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். அன்று மட்டும் வந்த பதில் ஆசிரியர் அவள் பெயரை எப்படியோ பிழையாக வாசித்திருக்கிறார். ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது நானில்லை, அன்ரி. அவர் வேற ஆரையோ கூப்பிட்டவர்."

எங்கட ஆள்

ஒரு தாய் காலையில் நீதிமன்றக் கட்டளையின் பிரதியைத் தந்துவிட்டுப் போனார். தகப்பன் வந்தால் மகனைக் கொடுக்கக் கூடாது. அன்று மத்தியானமே தகப்பன் வந்தார். கோயிலில் கண்டு பழகிய முகம். மகனைப் பல் டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றார். முடியாது என்றேன். நீங்களும் எங்கட ஆள்தானே தங்கச்சி என்று முதலில் தணிவாகக் கேட்டார். பிறகு மேசைக் கண்ணாடியில் கையால் ஓங்கி அடித்தார். நான் மேசைக்கடியில் இருந்த அவசரப் பொத்தானை அழுத்தினேன், உள்கதவுகள் பூட்டிக்கொண்டன.

பொலிஸ் வரும்வரை எங்கள் இருவருக்கும் நடுவே அந்தக் கண்ணாடிதான். அவர் கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். எனக்கும் பாவமாக இருந்தது, ஆனால் கதவைத் திறக்கவில்லை. போகும்போது அவர் கேட்டதை இன்றுவரை நான் செய்யவில்லை.

"அப்பா வந்தவர் எண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிவிடுங்கோ."

மொழிபெயர்ப்பு

பள்ளியை மூடுவதா என்று முடிவெடுக்கக் கல்வித் திணைக்கள அதிகாரி ஒருவர் வந்து பெற்றோரோடு பேசினார். தமிழ்ப் பெற்றோருக்கு நான் மொழிபெயர்த்தேன். பெரிய பள்ளியில் வசதிகள் அதிகம், அங்கே அனுப்பினால் என்ன என்று கேட்டார். மதுரைப் பக்கத்து மலர்விழி எழுந்தாள். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவள். தன் பஸ் பிந்துகிற நாளெல்லாம் நான்தான் அவள் மகளை அலுவலகத்தில் என்னோடு வைத்திருப்பதாகவும், வேறெந்தப் பள்ளியும் அப்படிச் செய்யாது என்றும் சொன்னாள்.

பள்ளி விட்ட பிறகு பிள்ளையை அப்படி வைத்திருப்பது விதிக்கு மாறு; அதிபருக்கே தெரியாது. அதிகாரி பேனையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

சில வாரங்களில் பள்ளி மூடப்படாது என்று கடிதம் வந்தது. கூடவே எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அதைக் கேள்விப்பட்டு மலர்விழி மேசைக்கு வந்தாள்.

"நல்லதுன்னு நினைச்சுதான் சொன்னேங்க்கா. நீங்களாவது கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

பள்ளிக்கு வந்த கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்தது என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.