கோட்டு போடாத படம்

கரோலின் செய்த வேலைக்கு ஆபீஸ் காகிதத்தில் 'நிதி திரட்டும் ஒருங்கிணைப்பாளர்' என்று பெயர். கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் அவ்வளவு நீளமாக யாரும் கூப்பிடமாட்டார்கள். 'லெட்டர் கரோலின்' என்பார்கள். அதுதான் பொருத்தமான பெயரும்கூட. தொண்ணூற்றிரண்டிலிருந்து அவள் செய்ததெல்லாம் லெட்டர் எழுதியதுதான். பக்கத்துப் பாலகாட்டில் ஒரு பழைய கிடங்குக் கட்டிடத்தில் சுவாச நலச் சங்கம் என்று ஒரு சின்ன அமைப்பு நடந்துவந்தது. சுரங்கத்தில் பாறையைத் துளைத்துத் துளைத்து நெஞ்சில் கல்தூசி படிந்துபோன தொழிலாளிகளுக்கு அங்கே மருந்து மாத்திரை இலவசம். இலவசம் என்றால் யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டுமே. அந்த யாரோ, டென்மார்க்கில் ஒரு சின்ன ஊர்ச் சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் கொடுக்கவைப்பதுதான் கரோலினின் உத்தியோகம்.

அழுத பிள்ளைக்குத்தான் பால். இந்த ஒரு பழமொழியை நம்பி உலகத்தில் எத்தனையோ ஆபீஸ்கள் நடக்கின்றன. தங்கவயலில் என்ன சங்கடம் என்றால், இந்த ஊர்ப் பிள்ளை அழாது.

வருஷத்துக்கு இரண்டு தடவை நோயாளிகளின் படமும் கதையும் டென்மார்க்குக்குப் போக வேண்டும். முதல் வருஷம் கரோலின் விவரம் தெரியாமல் ஒவ்வொரு வீட்டிலும், "நாளைக்கு போட்டோ எடுக்க வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் கேமராவோடு போனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு துரை நின்றுகொண்டிருந்தார். கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ, மழமழவென்று சிரைத்த முகம். படம் எடுத்து முடிக்கிறவரை இருமலைக்கூட அடக்கிவைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சுரங்கத்தில் வேலை பார்த்த ஜனம். போட்டோ என்றால் கோட்டு போட வேண்டும் என்பது இவர்களுக்குப் பதினோராவது கட்டளை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது மற்ற ஊர்களுக்கு. நம் ஆட்கள் கசக்கிக் கட்டுவதோடு விடமாட்டார்கள், அதற்கு மேலே கோட்டையும் மாட்டுவார்கள்.

டென்மார்க் சபையிலிருந்து கிர்ஸ்டன் என்கிற அம்மாள் பதில் எழுதினார். 'படங்கள் மிகவும் அழகாக இருக்கின்றன. இந்தக் கனவான்கள் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களைவிட நன்றாக உடுத்தியிருக்கிறார்கள். நோயாளிகளின் படங்கள் எப்போது வரும்?'

அதற்குப் பிறகு கரோலின் வழி கண்டுகொண்டாள். யாரிடமும் சொல்லாமல், காலை ஆறரைக்கு, முகம் கழுவுவதற்கு முன்னால் போய் நின்றாள். "சும்மா பாத்துட்டு போலாம்னு வந்தேன்" என்று கட்டிலோரம் உட்கார்ந்து, பேச்சுவாக்கில் ஒரு க்ளிக். அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபத்தோடு எடுத்த படம் இன்னும் பரிதாபமாக வந்தது. டென்மார்க்கில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

ஆரம்பத்தில் அவள் அழுதுகொண்டேதான் டைப் அடித்தாள். மூன்றாம் வருஷத்தில், 'மூச்சுத் திணறல்' என்ற வார்த்தை ஒரே பக்கத்தில் இரண்டு தடவை வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தாள். ரத்தினம்மா தன் புருஷன் போய்விட்டான் என்று ஆபீஸ் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, கரோலின் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோயாளிகள் பட்டியலில் ஒன்பதாம் நம்பரை நீக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. தொண்ணூற்றேழில் அவளைப் பெற்றவளே இறந்துபோனாள். கல்லறையில் மண்ணை அள்ளிப் போடும்போது, 'இவர் ஒரு கணவரையும் திருமணமாகாத ஒரு மகளையும் விட்டுச்சென்றிருக்கிறார்' என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் தன்பாட்டில் உள்ளே ஓடியது. அந்த மகள் தான்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. அன்று சாயங்காலம் கொஞ்சம் பயமாக இருந்தது. அப்புறம் அந்தப் பயமும் போய்விட்டது. பல் பிடுங்க ஊசி போட்ட தாடையைக் கிள்ளினால் எப்படியோ அப்படித்தான் இருந்தாள். தாடை இருக்கிறது, கிள்ளுவதும் தெரிகிறது, வலி மட்டும் இல்லை.

அவள் அப்பா சாம்ராஜுக்கு வயது அறுபத்து மூன்று. முப்பத்தோரு வருஷம் சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். இரண்டாயிரமாவது வருஷத்தில் அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. மடியில் இரண்டு தலையணையை வைத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். கோலாரிலிருந்து மாதம் இரண்டு தடவை வரும் டாக்டர், இனிமேல் மாத்திரை வேலைக்கு ஆகாது, இவரைப் போன்றவர்களுக்குத் தினமும் சில மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்றார். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மிஷின் ஒன்று இருக்கிறதாம். ஒன்று வந்தால் ஆறு பேருக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். கரோலின் எழுதினாள். கிர்ஸ்டன் அம்மாள் பதில் போட்டார்: 'கிறிஸ்துமஸ் காணிக்கையில் முயற்சி செய்கிறோம். துண்டுப் பிரசுரத்தின் அட்டைக்கு ஒரு முகம் வேண்டும். அக்டோபர் பத்துக்குள் அனுப்புங்கள்.'

கரோலின் கேமராவை எடுத்துக்கொண்டு எட்டு வீடு ஏறி இறங்கினாள். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். இருக்கிற மானமாவது மிஞ்சட்டும் என்று ஆட்கள் விறைத்துக்கொண்டு இருந்தார்கள். ஆறரை மணித் தந்திரமும் அம்பலமாகிவிட்டிருந்தது. அவள் தலை தெரிந்ததும் கதவைச் சாத்தினார்கள். அப்பாவோடு ஒரே டிரில் பிடித்த வால்டர் மட்டும் ஜன்னல் வழியாகப் பதில் சொன்னார்.

"கோட்டு இஸ்திரிக்கு போயிருக்குதும்மா. வந்தப்பறம் வா."

"இப்பவே ஒண்ணு எடுத்துக்கறேன் அங்கிள்."

"போம்மா. இன்னா அவசரம்? நானும் கோட்டும் எங்கயும் ஓடிடமாட்டோம்."

தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் காபி கலந்துகொண்டு முன்னறைக்கு வந்தாள். அப்பா தலையணையிலிருந்து சரிந்து, சுவரில் சாய்ந்து அசந்துபோயிருந்தார். கிழிந்த பனியன், எண்ணிவிடலாம் போல விலா எலும்புகள், திறந்த வாய், வாயோரம் எச்சில். கரோலின் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது, ஃப்ளாஷ் வேண்டாம் என்று நினைத்தாள். மூன்று படம் எடுத்த பிறகு கேமராவை உள்ளே வைத்துவிட்டு வந்து, "ப்பா, காபி" என்று எழுப்பினாள். பிற்பாடு யோசித்தபோது, படம் எடுத்ததைவிட அந்த வெளிச்சத்தைப் பற்றி நினைத்ததுதான் அவளுக்கு உறுத்தியது. கடிதத்தில் 'சாம்ராஜ், வயது 63, சுரங்கத் தொழிலாளி' என்று எழுதினாள். உறவைச் சொன்னால் சொந்தத்துக்குச் சலுகை கேட்கிற மாதிரி இருக்கும் என்று அதை எழுதவில்லை.

பிப்ரவரியில் மிஷின் வந்தது. அதே மாதக் கடைசியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊரே இழவு விழுந்த வீடாகக் கிடந்தபோது, அந்த ஆறு பேருக்கு மட்டும் ஒரு நல்ல சேதி. முதல் நம்பர் வால்டர், இரண்டாவது சாம்ராஜ். ஆனால் மிஷின் வந்த பெட்டியிலேயே துண்டுப் பிரசுரமும் ஒரு கட்டு வந்திருந்தது. கரோலின் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சங்கச் செயலாளர் எரிக் சார் நல்ல மனிதர், நல்ல மனிதர்கள் செய்கிற காரியத்தையே செய்தார். பெருமை தாங்காமல் ஒன்றை முன்னமேயே உருவி, நோட்டீஸ் போர்டில் குத்திவைத்துவிட்டார். முதல் நாள் முறைக்கு வந்த வால்டர் அதைப் பார்த்தார். பிடுங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நேராக சாம்ராஜிடம் வந்து நின்றார்.

"இது நீதானேடா?"

சாம்ராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். கரோலின் சமையலறை வாசலில் நின்றாள்.

"எத்தினி அடிச்சிருக்காங்க?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆயிரம் ப்பா."

"ஆயிரம் வீட்ல நான் வாயத் தொறந்துகினு கீறேன்." அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது மட்டும், "மிஷினுக்கு நான் வரல" என்றார்.

வரவும் இல்லை. சங்கத்து நர்ஸ் இசபெல்லா வீட்டுக்கே வந்து கெஞ்சினாள். தினம் இரண்டு மணி நேரம் மிஷின் பிடித்து, இப்போது பஜார்வரை நடந்துபோகிற வால்டர் வந்து, "நல்லா கீதுடா, வாடா" என்றார். "உனக்கு நல்லாத்தான் இருக்கும். உன் படமா போச்சு?" என்று சாம்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏப்ரலில் அவர் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. டாக்டர் கரோலினைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே விட்டா மழைக்காலம் தாண்டாதும்மா" என்றார். கரோலின் தலையாட்டினாள். அறிக்கை அனுப்புகிற தேதியைக் குறித்துக்கொள்கிற மாதிரி, ஜூலை என்று மனசில் குறித்துக்கொண்டாள். ஏன் இன்னும் அழுகை வரவில்லை என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தாள். அப்புறம் ஸ்டாப்பிங் வந்துவிட்டது, இறங்கிவிட்டாள்.

அன்றைக்கு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "நான் பண்ணது தப்புதான் ப்பா. மன்னிச்சிடு. மிஷினுக்கு வா."

காஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அதே குரல்.

சாம்ராஜ் அவள் முகத்தையே பார்த்தார். "இத நீ மெய்யா சொல்றியா, லெட்டர்ல எழுதறாமாரி சொல்றியா?"

அவளுக்கே தெரியவில்லை. எழுந்து போய்ச் சோறு வடித்தாள்.

மே மாதம் கிர்ஸ்டன் அம்மாள் மறுபடி எழுதினார். அட்டைப்படத்தில் இருந்தவர் மிஷினோடு இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம், காணிக்கை போட்டவர்கள் ஆசையாகக் கேட்கிறார்களாம். கரோலின் அதை அப்பாவிடம் சொன்னாள். ஒருவேளை இதைக் கேட்டாவது வருவாரோ என்று ஒரு நப்பாசை.

சாம்ராஜ் மூச்சைக் கூட்டிக் கூட்டிப் பேசினார். "அந்தப் படத்துல கீறவன் செத்துட்டான்னு எழுதிடு."

"சரி ப்பா" என்றாள்.

மறுநாள் எழுதியும்விட்டாள். 'நீங்கள் படத்தில் கண்ட சாம்ராஜ் இறந்துவிட்டார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.' நாலு வரி, கால் மணி நேரம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இந்த மாதிரி லெட்டர் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எரிக் சார் அவள் இங்கிலீஷை நம்பிப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர். மற்ற ஆறு லெட்டரோடு இதிலும் போட்டார். அதைத் தானே தபால்பெட்டியில் போட்டுவிட்டு, கரோலின் வரும் வழியில் தக்காளி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு ரசம் வைக்க வேண்டியிருந்தது.

ஜூன் கடைசியில் அவள் பெயருக்கே ஒரு கவர் வந்தது. கைப்பையிலிருந்து எடுக்கும்போது சாம்ராஜ் தபால்தலையைப் பார்த்துவிட்டார்.

"டென்மார்க்கா? இன்னா எழுதிக்கீறாங்க? படி."

கரோலின் நின்றபடியே தமிழில் சொல்லிக்கொண்டு போனாள், நோட்டீஸ் வாசிக்கிற குரலில். "சாம்ராஜ் அவர்கள் இறந்த செய்தி எங்களை ரொம்ப வருத்தப்படுத்தியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் படத்தை முன்னால் வைத்து மெழுகுவத்தி ஏற்றினோம். எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் அமைதியாக நின்றோம்."

"எந்தப் படத்த?"

"அதே படந்தான் ப்பா."

"அந்த வாய் தொறந்த படத்துக்கா எழுந்து நின்னாங்க?"

"ஆமா."

சாம்ராஜ் மடியிலிருந்த தலையணையை நேராக்கிக்கொண்டார். "அப்பால?" என்றார்.

"அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. ஒரு மகனோ மகளோ இருந்தால், தயவுசெய்து எங்கள் ஆறுதலை நேரில் போய்ச் சொல்லுங்கள்." காகிதத்தை மடித்தாள். "அவ்ளோதான்."

"சொல்லிட்டியா?"

"யார்கிட்ட ப்பா?"

"அந்தப் பொண்ணுகிட்ட."

இல்லை என்று சொல்லத்தான் கரோலின் வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இவர் போய்விடுவார், நிஜமாகவே போய்விடுவார், தான் அதைப் போன மாதமே எழுதிக் கையெழுத்து வாங்கிப் போஸ்ட் பண்ணிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. கதறினாள். மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுக, பக்கத்து வீட்டு சரோஜம்மா கதவு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி, இத்தனை வருஷம் வராத அழுகையையும் சேர்த்து அழுதாள். "போவாத ப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். லெட்டரில் எழுதக்கூடிய வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

சாம்ராஜ் தடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சரி, எழுந்திரு. ஆட்டோவுக்குச் சொல்லு, மிஷினுக்கு போலாம்" என்றார். "வெக்கப்பட வேண்டியவன் செத்துட்டான். எனக்கின்னா?"