கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர்

போன செவ்வாய்க்கிழமை காலை சிரம்பான் லோபாக்கில் வழக்கமான கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் டெலிபோனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எடுத்தால், தோட்டத்துக் கூட்டாளி சடையன்.

"முனியாண்டி, நம்ம அண்ணே போயிட்டாருடா."

"எந்த அண்ணே?" என்று கேட்டேன். எங்களுக்கு ஒரே அண்ணன்தான் என்று தெரிந்தும் கேட்டேன்.

"இத்தன வருசமா என்னைய ஏசுன அண்ணே," என்றான். போனை வைத்துவிட்டான். ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமரர் ரெங்கசாமி அவர்கள், எங்களுக்கு ரெங்கண்ணன், லிங்கி ஆற்றோரத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பிற்காலத்தில் அம்பாங்கானில் வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்து, நிறைவாக வாழ்ந்தவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுத என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான். நாலாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று வாத்தியாரே அனுப்பிவிட்டார்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். வெள்ளைக்கார துரை ஓடிவிட்டார். ரப்பரை வாங்க ஆளில்லை. பாதி மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, இரவிலும் கிழங்கு. ஆனால் லிங்கியிலிருந்து சிரம்பான் வரை எங்கள் பந்தாட்டக் குழுவின் பெயரைச் சொன்னால் மற்ற தோட்டத்துக்காரர்கள் ஆட்டத்துக்கு வரவே யோசிப்பார்கள். நடுவில் நின்று ஆடியவன் நான். நான் உதைத்த பந்து ஒரு தடவை ஆற்றைத் தாண்டி அக்கரைக் கிராமத்தில் விழுந்தது. அங்கே இருந்த மலாய்க்காரர்கள் அதைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு தார் வாழைப்பழமும் கொடுத்தார்கள்.

ரெங்கண்ணன் ஒருநாளும் பந்தை உதைத்ததில்லை. உதைத்தால் ஆட்டக்காரன் ஆகிவிடுவோம், பிறகு ஏச முடியாது என்பது அவர் கட்சி. எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்பார். ஆட்டம் முடிந்ததும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடுவோம். ஆட்டக்காரர்கள் தரையில் உட்கார வேண்டும், ரசிகர்கள் நிற்பார்கள். பால் மங்கு ஒன்று, மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம், கை மாறிக்கொண்டே வரும். மங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். அந்தச் சட்டத்தைப் போட்டவர் ரெங்கண்ணன். மங்கை விடாமல் வைத்திருந்தவரும் அவரே.

குழுவுக்கு மேனேஜர், தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீரையா. தன் மனைவியின் தம்பி சடையனைக் கோல்கீப்பராக வைத்திருந்தார். அது ஒவ்வொரு ஞாயிறும் பஞ்சாயத்துக்கு வரும்.

"வீரையாண்ணே, ஒரே கேள்வி. பொண்டாட்டி தம்பிங்கறதுக்காக இந்த ஓட்ட வாளிய நிறுத்தி வச்சிருக்கீங்களா, இல்ல வேற ஆளே கெடைக்கலியா?"

"மங்க இங்க குடு ரெங்கசாமி. பதில் சொல்றேன்."

"பதில் இருக்கறவங்களுக்குத்தான் மங்கு!"

களமே சிரிக்கும். சடையன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு புல்லைப் பிடுங்குவான்.

வெறும் ஏச்சு மட்டும் என்று நினைக்கக் கூடாது, நியாயமும் இருந்தது. ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்தை வென்று பந்தயமாக வைத்த சேவலோடு திரும்பினோம். எங்கள் ஆள் ஒருவன் கையால் தட்டித்தான் அந்தக் கோல் விழுந்தது. நடுவர் பார்க்கவில்லை, ரெங்கண்ணன் பார்த்துவிட்டார். "சேவலக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. கையால அடிச்ச கோலுக்கு வாயால திங்கக் கூடாது," என்றார். கறிக்கு மசாலா அரைத்தாகிவிட்டது. கிழங்கு தின்று நாக்குச் செத்த காலம். ஆனாலும் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று கிழங்குக்கே அந்த மசாலாவைப் போட்டோம்.

தோல் பந்து கிழிந்து வெகுநாள் ஆகியிருந்தது. ரப்பர் பாலை இழையாகக் காயவைத்துச் சுற்றிச் சுற்றி நாங்களே பந்து செய்தோம். தரையில் பட்டால் முயல்போலத் துள்ளும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் முந்திக் குதிக்க வேண்டும். சடையன் அதற்கும் முந்தியே குதிப்பான். "முந்தாதடா! நில்லுடா!" என்று பின்னாலிருந்து ரெங்கண்ணன் கத்துவார். அவர் சொல்கிறார் என்பதற்காகவே சடையன் இன்னும் முந்துவான்.

அப்படி ஒரு ஞாயிறு, பஞ்சாயத்து சூடாக நடக்கும்போது லாரி ஒன்று வந்து நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்த நாட்கள் அவை. லாரி ஏறிய எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஜப்பான் ஆபீசர் ஒருவர் இறங்கினார். அவர் கையில் புத்தம்புதுத் தோல் பந்து. எல்லாரும் குனிந்து வணக்கம் போட்டோம். "என்ன சண்டை?" என்று மலாயில் கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள். மங்கு ரெங்கண்ணன் கையில் இருந்தது. பந்தாட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டால் அவருக்கு ஜப்பான்காரனும் தெரியாது, எமனும் தெரியாது. சடையனைக் காட்டி அவரும் மலாயிலேயே, ஐயாவுக்குப் பதில் துவான் போட்டு, பொரிந்து தள்ளிவிட்டார்: "துவான், இவன் எதுக்கும் உதவாதவன். இவன வச்சிருக்கறதே தண்டம்."

ஆபீசர் சடையனை மேலும் கீழும் பார்த்தார். நல்ல உடம்பு. "இங்கே உதவாதா? சயாமில் உதவும். லாரியில் ஏறச் சொல்," என்றார்.

சடையனின் மனைவி பாப்பாத்தி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரெங்கண்ணன் மங்கோடு ஆபீசர் முன்னால் ஓடினார்.

"துவான்! துவான்! மலாயா முழுக்கத் தேடுனாலும் இவன மாதிரி கீப்பர் கெடைக்க மாட்டான்!"

"இப்போதுதானே உதவாதவன் என்றாய்?"

"எங்க ஆளு துவான். எங்க ஆளத்தான நாங்க ஏச முடியும்?"

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை. "நான் ஒரு பந்து உதைக்கிறேன். பிடித்தால் இவன் இங்கேயே இருக்கலாம். விட்டால் இரண்டு பேரும் ஏறுங்கள்," என்றார்.

சடையன் போய் நின்றான். ரெங்கண்ணன் தம் இடத்துக்கு, கம்பத்துக்குப் பின்னால் போனார். அன்று அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "சடையா, தோல் பந்துடா. நம்ம பந்து மாதிரி துள்ளாது. முந்தாத சாமி. நில்லு."

ஆபீசர் உதைத்த உதையில் ரப்பர் மரத்துக் காய்கள் உதிர்ந்தன. பந்து சடையனுக்கு முன்னால் தரையில் பட்டது. எங்கள் பந்தாக இருந்தால் தலைக்கு மேல் போயிருக்கும். இது சோம்பேறியாக எழுந்து நெஞ்சுக்கு வந்தது. சடையன் குதிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக நின்றான். வந்த பந்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். ஆபீசர் கேட்டும் விடவில்லை. பாப்பாத்தி எழுந்து வந்துதான் பிடுங்கிக் கொடுத்தாள்.

போகும்போது ஆபீசர் என் இடது காலைப் பார்த்து, தோக்கியோவில் ஆட வருகிறாயா என்று கேட்டார். ரெங்கண்ணன் இருந்தால் இதை மறுப்பார். மறுக்க இப்போது அவர் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

லாரி போன பிறகு ரெங்கண்ணன் கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். "முனியாண்டி, என் வாயால ஒரு குடும்பத்த அழிக்கப் பாத்தேன்டா," என்றார். அவர் கண்ணீரை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு மங்கை வாங்கிப் புதுச் சட்டம் போட்டார். "வெளி ஆள் ஒருத்தர் நின்னாலும் நம்ம ஆள ஏசக் கூடாது. புகழத்தான் செய்யணும். அவரு போனப்புறம் சேத்து வச்சு ஏசிக்கலாம்." பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். வெளி ஆள் யாருமில்லை. சடையன் பக்கம் திரும்பினார். "அதென்னடா புடி? பந்து தானா வந்து ஒன் நெஞ்சுல மோதுச்சு. நீ என்னத்தத் தடுத்த?"

"அப்ப யாரு தடுத்தா? ஒங்க பாட்டனா?" என்று சடையன் மங்கு இல்லாமலே எழுந்துவிட்டான்.

சடையன் தடுத்தானா இல்லையா என்ற அந்த வழக்கு அன்று தொடங்கியது. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான். தோட்டத்தை விட்டு நாங்களும் டவுனுக்கு வந்துவிட்டோம். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் வழக்கு நடந்தது. அன்று பாப்பாத்தி வயிற்றில் இருந்த பெண்ணின் கல்யாணப் பந்தலிலும் நடந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனோம். தாதி ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். "மிஸ்ஸி, இவன் யாருன்னு தெரியுமா? மலாயாவிலேயே இவன மாதிரி கீப்பர் கெடையாது," என்றார். சடையனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தாதி கதவைத் தாண்டினாள். "ஏன்டா ஓட்ட வாளி, ஆரஞ்சு வாங்கியாந்திருக்கியே, புளிக்குமா?" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது அம்பாங்கான் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். விளிம்பு உடைந்த அந்தப் பழைய மங்கை அவர் மகள் எடுத்துவந்தாள். சடையன் அதை வாங்கி அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"இந்தாங்கண்ணே. மங்கு ஒங்க கையில. சொல்லுங்க, அன்னிக்கு நான் தடுத்தனா இல்லியா?"

பழைய ஆட்கள் நாங்கள் சிலர் சுற்றி நின்றோம். சட்டப்படி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மங்கு கையில் இருந்தும் ரெங்கண்ணன் பேசாதிருந்தது அந்த ஒரு தடவைதான்.

சடையன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அக்கம்பக்கத்தார், சம்பந்தி வீட்டார், அண்ணன் மகனோடு வேலை செய்பவர்கள். வீடு முழுக்க வெளி ஆட்கள்.

"அப்ப சரிண்ணே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்ன சொல்லுவீங்கன்னு தெரியும்."

இதைப் படிக்கிறவர்களும் வெளி ஆட்கள்தான். ஆகவே அவர் போட்ட சட்டப்படியே எழுதுகிறேன்: மலாயாவிலேயே சடையனைப் போல ஒரு கீப்பர் இருந்ததில்லை. போய் வாருங்கள் அண்ணே. மங்கை உங்கள் கையிலிருந்து நாங்கள் வாங்கவில்லை.