நான் சொன்ன பதில்

பாலகாட்டுச் சுரங்கக் குடியிருப்பில், எங்கள் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டில் மட்டும்தான் போன் இருந்தது. அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் அதில்தான் அழைப்பு வரும். ஒருநாள் வெறுத்துப்போய், "இனிமே எங்க நம்பரை யாருக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டு டேவிட் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஈரல் கெட்டுவிட்டது, மாற்று ஈரல்தான் பொருத்த வேண்டும் என்று இங்குள்ள டாக்டர் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ரத்தம், ஸ்கேன், இதயம், பல் வரைக்கும் பார்த்து அனுப்பினார்கள்.

அந்த வாரம் ஒரு மதியம் போன் அடித்தது. "டேவிட் வீடுங்களா?" எனக்குக் கோபம். "அப்படி யாரும் இல்லை" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் அவர் மனைவி செல்வி வந்தாள். "கோவிச்சிக்காதீங்கக்கா. ஈரல் கெடைச்சா ஒடனே கூப்பிட ஒரு நம்பர் இருந்தாதான் லிஸ்ட்ல சேப்பாங்களாம். உங்க நம்பரைக் குடுத்துட்டேன். போன் எதுனா வந்துச்சா?"

அவளிடமிருந்த சீட்டில் நம்பரைப் பார்த்து நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "அப்படி யாரும் இல்லைன்னாங்களே" என்றாள் அங்கிருந்த பெண்.

"நான்தாங்க சொன்னேன். பக்கத்து வீடுதான். எப்ப கூப்பிட்டாலும் சொல்லிடுவேன்."

பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எப்போது போன் வருமோ என்று ஏழு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு நான் எங்கும் போகவில்லை. ஈரல் கிடைக்காமலே டேவிட் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அதே பெண் கூப்பிட்டாள். "டேவிட் செக்கப்புக்கு வரலியே, இருக்காருங்களா?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் இப்போது உண்மையாகியிருந்தது. அதை இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, செல்வியைக் கூப்பிடப் போனேன்.