ஹூரிய்யாவின் ஊமைக்காசு

யெமனின் ஸன்ஆ நகரக் கோட்டைவாசலில், கணவனை இழந்து இருபது வருடமாக ரொட்டி விற்கும் ஹூரிய்யாவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் மாப்பிள்ளை வந்தார். திராட்சைக் கடை முக்பில்தான். ரொட்டியை வாங்கிய கையோடு கூடையில் ஒரு பழைய வெள்ளிக்காசைப் போட்டார். "என்னைக் கட்டிக்கிறீங்களா? வெள்ளிக்கிழமை பதில் சொன்னாப் போதும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டார். அன்று முழுக்க ஹூரிய்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வம்புக்கு வந்த கழுதைக்காரனுக்குக்கூட ஒரு ரொட்டியைச் சும்மா கொடுத்தாள்.

வீட்டில் நாத்தனார் கதீபா அந்தக் காசை வாங்கிக் கல்படியில் போட்டுப் பார்த்தாள். நல்ல காசு என்றால் மணி மாதிரி கிணுகிணுக்க வேண்டும். இது 'டொக்' என்றது.

"போலி அண்ணி! காசே இப்படின்னா ஆளு எப்படி இருப்பான்?"

"உன் படிக்கட்டுதான் போலி, போடி" என்றாள் ஹூரிய்யா. ஆனால் காசை எடுத்துத் தானும் ஒருதரம் போட்டுப் பார்த்தாள். பொய்க்காசு கொடுத்தவனுக்குக் கழுத்தை நீட்ட முடியுமா? அந்த மனுஷனை அவளுக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது. அதுதான் வம்பு.

மறுநாள் பிற்பகல் வெள்ளிக்கடைத் தெருவில் கிழவர் காலிபிடம் காசை நீட்டினாள். அவ்வளவுதான், தெருவே கூடிவிட்டது. அந்த மாதிரி அந்நியநாட்டு வெள்ளிக்காசில் ஒரு சீமாட்டி இருப்பாள். எந்தக் காசை எடுத்தாலும் அதே முகம், அதே 1780ஆம் வருடம். அவள் தோளில் குத்திய ஊசியில் ஒன்பது முத்து இருந்தால்தான் காசு செல்லும் என்பது இந்தத் தெருவின் சட்டம்.

"எட்டுதான் இருக்கு!" என்றார் கன்னத்தில் கத் என்னும் போதை இலையை அடக்கியிருந்த பக்கத்துக் கடைக்காரர்.

"ஒம்போது! கண்ணைத் தொடைச்சுட்டுப் பாருய்யா" என்றார் எதிர்க்கடைக்காரர்.

"கத் இலையில பூச்சி இருந்தா மட்டும் நல்லாக் கண்ணு தெரியுது!" என்று பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து எரிந்து விழுந்தாள் ஹூரிய்யா.

காலிப் காசை நிறுத்தார். எடை சரி. விளிம்பு எழுத்தைத் தடவினார். அதுவும் சரி. பிறகு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தவர், அது நழுவி விழும்படி சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏண்ணே, போலியா?"

"அசல்மா! சீமாட்டி தலைக்கு மேல பாரு. ஒரு ஓட்டை இருந்திருக்கு, ஈயம் வச்சு அடைச்சிருக்கு. அதான் ஊமையாயிருச்சு. அடைச்சவன் நான்தான்."

"நீங்களா?"

"உன் வீட்டுக்காரரு மௌத்தாகி உன்னைத் தனியா விட்டப்ப உன் காசுமாலையை எங்கிட்டதானே வித்தே? அன்னைக்குச் சாயங்காலமே மூட்டை தூக்குற ஒருத்தன் வந்தான், இப்ப திராட்சைக் கடை வச்சிருக்கானே, அவன்தான். அதுல நடுக்காசு மட்டும் வேணும்னான். பொம்பளை நகையை ஆம்பளை மடியில கட்டிட்டுத் திரிஞ்சா ஊரு சிரிக்குமாம், ஓட்டையை அடைச்சுக் குடுங்கன்னான். சத்தம் போயிரும்டான்னேன். நான் என்ன செலவழிக்கவா போறேன்னான்."

ஹூரிய்யா அப்படியே கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் காசையே தனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாக் காசிலும் ஒரே மூஞ்சி இருந்தால் எப்படித் தெரியும்?

"இருபது வருஷமா தினம் எங்கிட்ட ரொட்டி வாங்குறாரு, பாவி மனுஷன்! வாயையும் ஈயம் வச்சா அடைச்சீங்க?" அவள் சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள். "ஈயத்தை எடுங்கண்ணே. வளையம் போடுங்க."

சாயங்காலம், தலைமுதல் கால்வரை மூடிய பூத்துணிக்குள் அந்தக் காசையும் இரண்டு வெள்ளிமணிகளையும் சேர்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு திராட்சைக் கடைமுன் போய் நின்றாள். முக்பில் தராசில் திராட்சை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு... புதன்கிழமைதானே?"

அவள் கழுத்தை ஒரு குலுக்குக் குலுக்கினாள். கிணுங், கிணுங்.

"என்ன சத்தம் அது?"

"நீங்க இருபது வருஷமா அடைச்சு வச்சிருந்தது."

தட்டிலிருந்த திராட்சை மொத்தமும் தெருவில் கொட்டியது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க என்னால ஆகாது" என்றாள் ஹூரிய்யா. "நாளைக்கே பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க. கதீபா கதவைத் திறப்பா, இந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு போலின்னு சொல்ல மாட்டா."