நான்கு வரி இடைவெளி

மாமா அந்தத் தொடரை விரும்பித்தான் பார்க்கிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். வாழ்நாளில் பாதியைக் காக்கிச் சட்டையில் கழித்தவர். கறைபடிந்த காவலர்களைப் பற்றிய கதையைத் தொலைக்காட்சியில் காட்டினால், பழைய சமையல்காரர் அடுத்தவர் வைத்த விருந்தைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவதைப் போல அவரும் ரசிக்கிறார் என்று நினைத்தோம். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, காலிகோ துணி அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவர் நாற்காலியில் அமர்வார். "பாருங்க, ரைட்டரய்யா டூட்டிக்கு வந்துட்டாரு" என்று அத்தை சிரிப்பார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.

மாமா என் கணவரின் தந்தை. ஏட்டாக ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி காவல் நிலையங்களில் ரைட்டராக இருந்தார். புகார், வாக்குமூலம், நிலையத்தின் தினசரிக் குறிப்பு எல்லாவற்றையும் தன் கையால் எழுதுவதுதான் அவர் வேலை. பெரியநாயக்கன்பாளையத்து வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அவருடைய மௌனம் பழக்கமான மௌனமாகவே தோன்றியது.

தொடரின் ஒவ்வொரு பகுதியும் மறுநாள் இணையத்தில் வரும். அதன் கீழே நேயர்கள் எழுதும் கருத்துகளை நான் உரக்கப் படிக்க, காப்பி ஆறும்வரை மாமா கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் காவல்துறையை இழிவுபடுத்தாதீர்கள் என்று கொதித்திருப்பார். இன்னொருவர் கதாநாயகியின் சேலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருப்பார். "அந்த இன்ஸ்பெக்டருக்கு மீச ஒட்டவே இல்ல, அதையும் எழுது கண்ணு" என்பது அத்தையின் கருத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா தானும் எழுத வேண்டும் என்றார். கைப்பேசியில் தமிழ் அடிக்க அவருக்கு வராது. நோட்டில் எழுதியதை அவர் வாசிக்க, 'ஓய்வுபெற்ற நேயர்' என்ற பெயரில் நான் அடித்தேன். "நாஞ் சொல்றத அப்படியே போடு அம்மணி. ஒரு எழுத்து மாத்தீராதே."

முதலில் எழுதியவை சின்னத் திருத்தங்கள்: தொப்பி, பெல்ட், சல்யூட். ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வரி இருந்தது. "படிக்கக் கேட்டேன், சரி. விடுபட்டது ஒன்றுமில்லை." வாக்குமூலத்தின் அடியில் எழுதும் வாசகம். முதல் பாதி எல்லா ரைட்டர்களும் எழுதுவது. இரண்டாம் பாதி மாமா சேர்த்துக்கொண்டது. அதை வைத்து நிலையத்தில் தன்னைக் கேலி செய்வார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். கருத்துரைக்கு அது எதற்கு என்று கேட்டேன். "அது இல்லாம எழுத்து முடியாது கண்ணு" என்றார். நானும் அடித்தேன்.

பிறகு ஒரு பகுதியில், விசாரணைக்கு அழைத்துவரப்பட்டவன் நிலையத்திலேயே இறந்துபோகிறான். காவலர்கள் குறிப்பேட்டின் பக்கத்தைக் கிழித்து எரிக்கிறார்கள். இதெல்லாம் மிகை, இப்படி எங்கும் நடக்காது என்று நேயர்கள் பலர் எழுதியிருந்தார்கள். மாமாவின் காப்பி அன்று குடிக்கப்படவே இல்லை. நோட்டைத் திறந்து வாசித்தார்: "பக்கத்தைக் கிழிப்பதில்லை. பக்கங்களுக்கு எண் உண்டு. ஒருவரை அழைத்துவந்ததை எழுதிய பின் நான்கு வரி இடம் விட்டுவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். பிறகு அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். காலை ஆறு மணிக்கு நல்ல நிலையில் தானாக நடந்து சென்றார் என்றும் எழுதலாம். அந்தியூர்ச் சந்தையிலிருந்து அழைத்துவந்த ஒரு குதிரைக்காரப் பையனுக்கு அப்படித்தான் எழுதப்பட்டது. படிக்கக் கேட்டேன், சரி. விடுபட்டது ஒன்றுமில்லை."

என் விரல் ஒரு கணம் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். "போடு" என்றார்.

அந்த வாரத்துக்குள் இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று அந்தியூரிலிருந்து ஒரு பெண் எழுதியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் சந்தையில் தன் தம்பியைச் சந்தேகத்தின் பேரில் கூட்டிப்போனார்கள், மறுநாளே விட்டுவிட்டதாகச் சொன்னார்கள், எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்று ஊர் பேசியது, வருவான் என்று அம்மா சாகும்வரை கதவைத் தாழிடவில்லை, இப்போது தானும் தாழிடுவதில்லை. "என் தம்பி நடந்து போனானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கய்யா" என்று கேட்டு, தன் எண்ணையும் கொடுத்திருந்தார். இன்னொரு பதிலில் பெயர் இல்லை. "ரைட்டரய்யா, பேர மாத்திப்போட்டீங்க. கடைசி வரிய மாத்தலீங்களே."

அடுத்த ஞாயிறு காலை, வெள்ளைச் சட்டை அணிந்த இருவர் வீட்டுக்கு வந்தார்கள். மூத்தவர், அந்தக் காலத்து இன்ஸ்பெக்டரின் ஜீப் ஓட்டியவர் என்று மாமாவே அறிமுகப்படுத்தினார். அத்தை மகிழ்ச்சியோடு முறுக்கு எடுத்துவைத்தார்.

"ஏனுங்க ஐயா, நல்லாருக்கறீங்களா? நம்ம இன்ஸ்பெக்டரய்யா இப்பப் பெரிய எடத்துல இருக்காருங்க. உங்கள ரொம்ப விசாரிச்சாரு. நாடகமெல்லாம் பாக்கறீங்களாமா?"

"பொழுது போகோணுமல்லங்க" என்றார் மாமா.

"பாருங்க, பாருங்க. பாக்கறதுல தப்பில்லீங்க." அவர் முறுக்கைப் பாதியாக உடைத்தார். "உங்க பையன் இப்ப மதுக்கரைக்கு வேலைக்கு வண்டீல தானுங்க போறாப்ல? அந்த ரோட்டுல லாரி சாஸ்திங்க. பாத்துப் போகச் சொல்லுங்க. அப்ப வாரேனுங்க அம்மா, முறுக்கு அருமைங்க."

இவ்வளவு மரியாதையான பேச்சை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அவர்கள் போன பிறகு அத்தை தட்டை எடுக்கவில்லை. எழுதியதையெல்லாம் உடனே அழித்துவிடு என்றார் என் கணவர். அந்தப் பெண்ணின் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அழித்தேன். மாமா தடுக்கவில்லை. மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். தவறே செய்யாதவர் ஒருவர் வேண்டாத வம்பில் மாட்டிக்கொண்டார் என்றுதான் அப்போதும் நான் நினைத்தேன். அந்த நான்கு வரியை யார் எழுதியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அல்லது கேட்க நான் விரும்பவில்லை.

வியாழக்கிழமை காலை செருப்பைப் போட்டுக்கொண்டே நோட்டை என்னிடம் நீட்டினார். "இத உங்க காலேஜுப் பொஸ்தகத்தோட பொஸ்தகமா வெச்சிரு. அங்க எவனும் எதையும் எடுத்துப் படிக்கறதில்லைன்னு நீதான சொல்லுவே." வேண்டாம் மாமா, போனில் சொல்லிவிடலாம் என்றேன். "போன்ல சொல்ற சேதியா கண்ணு இது? எங்கையாலதான எழுதுனேன். நாந்தான் போகோணும்" என்றார். எண் குறித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்தியூருக்குக் கிளம்பினார். நான் வாசல்வரை போனேன். அதற்கு மேல் தடுக்கவில்லை.

மாமா கொடுத்திருந்த என் எண்ணுக்கு, மூன்றரை மணிக்கு அந்தப் பெண் அழைத்தார். குரல் தெளிவாக இருந்தது. "வந்தாருங்க. எல்லாம் சொல்லிப்போட்டாருங்க. எந்தம்பி நடந்து போகலீங்க. ஒரு சொம்பு மோரு குடிச்சாரு. நானே கோயமுத்தூர் பஸ்ஸுல ஏத்தியுட்டேன். இனி நாங் கதவத் தாப்பாப் போட்டுப் படுப்பனுங்க."

மாமா வீடு வந்து சேரவில்லை.

மறுநாள் காலை நானும் கணவரும் புகார் கொடுக்கப் போனோம். ரைட்டர் இளைஞர், பணிவானவர். "பெரியவங்க எங்காச்சும் கோயிலுக்குப் போயிருப்பாங்க, வந்துருவாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினார். அடுத்து நின்றவரைக் கூப்பிட்டு, அவருடைய புகாரைச் சற்றுக் கீழே தள்ளித் தொடங்கினார். தலைகீழாகத் தெரிந்த பக்கத்தில் நடுவே இருந்த வெற்றுக் கோடுகளை எண்ணினேன். நான்கு.

தொடர் முடிந்து மாதங்கள் ஆகின்றன. கடைசிப் பகுதியில் கெட்ட இன்ஸ்பெக்டருக்கு விலங்கு மாட்டினார்கள். நிறைவான முடிவு என்று நேயர்கள் எழுதியிருக்கிறார்கள். மாமாவின் நாற்காலி தொலைக்காட்சிக்கு எதிரிலேயே இருக்கிறது. அத்தை வாசல் கதவைத் தாழிடுவதில்லை. என் கணவர் இப்போது மதுக்கரைக்குப் பேருந்தில் போகிறார்.

நூலகத்தில் யாரும் கேட்டு வராத ஓர் அடுக்கில் அந்த நோட்டை வைத்திருக்கிறேன். இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். சந்தையில் பிடித்த நேரம், அடித்தவர்களின் பெயர்கள், எழுதச் சொன்னவர், எழுதிய தன் பெயர், எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே மிச்சமிருந்த கோடுகளின் மேல், வேறு யாரும் எதையும் எழுதிவிடாதபடி, மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு இழுத்திருக்கிறார். அதற்கும் கீழே அவருடைய வழக்கமான வரி, கையெழுத்து.

விடுபட்டது ஒன்றுமில்லை. அதைக் காதால் கேட்டவர் அந்தியூரில் ஒருவர் இருக்கிறார். படித்தவள் இங்கே நான் இருக்கிறேன்.