திறந்து பார்க்காத ஏழு ஃபைல்கள்

போன வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் காலை பத்தரை மணி டீயைக் கையில் எடுத்த நேரம். எச்.ஆர். மேடம் இன்டர்காமில் கூப்பிட்டார்.

"சார், தென்காசிலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. தீபாவளிக்கு முன்னாடி ஜுரத்துல இறந்துபோச்சே நம்ம லைன் லீடர் பொண்ணு, அதோட அம்மா. பொண்ணு பேசினது நம்ம சிஸ்டத்துல இருக்குமாமே, ஒரு தடவை கேக்கணும்கிறாங்க. நீங்கதான் பேக்கப் எல்லாம் வச்சிருக்கீங்களே, எடுத்துக் குடுத்துடுங்க. நான்தான் வரச் சொன்னேன்."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் குரல் எங்கேயும் இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கற்றைகளைப் பெரிய போர்டுகளில் பொருத்திக் கட்டுகிறார்கள். லைனில் பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேர் சுற்றுவட்டாரம், மீதிப் பேர் தெற்கிலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். மதியம் இரண்டரைக்கு ஷிஃப்ட் மாறும்போது, போகிற லீடர் வருகிற லீடருக்கு 'எந்த போர்டில் என்ன கோளாறு, எது பாக்கி' என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும், அதற்குப் பெயர் ஹேண்டோவர். ஒருத்தி எழுதியது இன்னொருத்திக்குப் புரியாது. தினமும் சண்டை. நான்தான் ஒரு யோசனை செய்தேன். லைன் முடியும் இடத்தில் ஒரு டேப்லெட். சிவப்பு பட்டனை அழுத்தி ஒரு நிமிடம் பேசிவிட்டுப் போகலாம். அடுத்து வருபவர் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். சண்டை நின்றது. எனக்கு நல்ல பெயர்.

பேசியதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் சேரும். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒருநாள் அதை நானே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வைப்பேன். நான் கொஞ்சம் சோம்பேறி. ஒரே வேலையை இரண்டாவது தடவை கையால் செய்வதென்றால் எனக்குக் கோபம் வரும். அதனால் எல்லாவற்றையும் கண்டெய்னருக்கு மாற்றினேன். கண்டெய்னர் என்றதும் எங்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரிகளை நினைக்காதீர்கள். ஒரு சாஃப்ட்வேரை, அது ஓடுவதற்கு வேண்டிய சாமான்களோடு சேர்த்துத் தனிப் பெட்டியாகக் கட்டிவிடுவது, அவ்வளவுதான். டேட்டாபேஸ் ஒரு பெட்டியில், பேக்கப் எடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் இன்னொரு பெட்டியில். தினமும் விடிகாலையில் அது தானாகவே ஒரு பிரதி எடுக்கும். ஏழு பிரதிகள் இருக்கும். எட்டாவது வந்ததும் மிகப் பழையது தானாக அழியும். 'பேக்கப் முடிந்தது' என்று பச்சை டிக்கோடு என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, உலகத்தையே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன் மாதிரி வேலைக்குக் கிளம்புவேன். தலைக்கனம்தான், வேறென்ன.

கார்த்திகை மாதத்தில், ஆடிட் வருகிறது என்று டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பேக்கப் எடுக்கும் பெட்டிக்குள்ளும் அதை மாற்ற வேண்டும் என்பதை மறந்தேன். அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் தினமும் போய்க் கதவைத் தட்டியது, உள்ளே விடவில்லை, வெறும் ஃபைலை எழுதி வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. ஃபைல் உண்டானதா என்று மட்டும் பார்க்கும்படி நான் எழுதியிருந்தேன். உண்டானது. பச்சை டிக் வந்தது. ஏழாவது வெறும் ஃபைல் வந்த அன்று, நல்ல பிரதிகளில் கடைசியாக இருந்ததையும் என் ஸ்கிரிப்ட் சொன்ன சொல் தவறாமல் அழித்தது.

பொங்கல் கழிந்து சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. அவசரமாகப் பேக்கப்பைத் திறந்தேன். ஏழும் காலி. ஆனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. "பழைய ஹேண்டோவர் யாருக்கு வேணும்? புதுசா ஆரம்பிச்சுடு" என்றார் என் மேனேஜர். அவரிடம்கூட 'பழையதில் கொஞ்சம் போயிருக்கிறது' என்றுதான் சொல்லியிருந்தேன். அறிக்கையில் 'சிறிதளவு தரவு இழப்பு, பெரிய பாதிப்பு இல்லை' என்று பூசி மெழுகினேன். கெட்டுப்போன டிஸ்க்கை வாரன்டியில் கொடுத்துப் புதியது வாங்கியாயிற்று. தப்பித்தோம்டா என்று அன்றைக்கு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த அறிக்கையை நம்பித்தான் எச்.ஆர். மேடம் அந்த அம்மாவை வரச் சொல்லியிருக்கிறார்.

ரிசப்ஷனுக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும். நீலப் புடவை, மடியில் ஒரு மஞ்சள் பை. ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்கதானா அந்த சாரு? எங்கிட்ட இருக்கது பட்டன் போனு. அவ பேசுனது ஒண்ணுகூட அதுல கெடையாது. அவ போன எப்படித் தொறக்கன்னு தெரியாம கடையில குடுத்தோம், அவன் எல்லாத்தையும் அழிச்சுட்டுக் குடுத்துட்டான். போட்டா இருக்கு. சத்தம்தான் இல்ல. அவ கூட இருந்த பிள்ளைதான், இங்க அவ தெனமும் பேசி வச்சிருக்கான்னு சொல்லுச்சு. ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போயிருதேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஒரு மணி நேரம் குடுங்கம்மா, தேடிப் பாக்குறேன்" என்றேன். இல்லை என்று தெரிந்த ஒன்றைத் தேடப் போனேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் என் இருக்கையில் போய் உட்கார்ந்ததும் பழைய ஹார்ட் டிஸ்க் ஞாபகம் வந்தது. கையால் பிரதி எடுத்த காலத்து டிஸ்க். அந்தப் பெண் லீடரான பிறகும் நாலைந்து மாதம் அதில்தான் எடுத்தேன். வேலை தானியங்கியான பிறகு அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். பைக்கை எடுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் பறந்தேன். பீரோவைக் கலைப்பதைப் பார்த்து மனைவி பயந்துவிட்டாள். டிஸ்க் கிடைத்தது. லேப்டாப்பில் செருகினேன்.

என் மகளின் காதுகுத்து வீடியோ. வேறு எதுவும் இல்லை. இடம் போதவில்லை என்று நானே எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஏற்றியது. மாமா மடியில் உட்கார்ந்துகொண்டு என் பெண் வீறிட்டு அழுதாள், சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் குரலுக்கு இடம் வேண்டுமென்று இன்னொருவர் மகளின் குரலை அழித்திருக்கிறேன். அழுதேன்.

திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. அந்த அம்மா அதே நாற்காலியில் இருந்தார். கேன்டீனிலிருந்து வந்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. எச்.ஆர். மேடமும் பக்கத்தில் இருந்தார். இந்தத் தடவை மறைக்கவில்லை. பாஸ்வேர்டு, ஸ்கிரிப்ட் என்றெல்லாம் ஆரம்பித்து, அது அந்த அம்மாவுக்கு எந்த விதத்திலும் உதவாது என்று புரிந்து நிறுத்தினேன்.

"என் தப்பும்மா. தெனமும் எடுத்து வச்சேன்னு நெனச்சேன். உள்ள ஒண்ணுமே இல்ல. எனக்கு இது முன்னாடியே தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரி" என்றார். பிறகு மஞ்சள் பையின் காதுகளைச் சேர்த்து முடிச்சுப்போட்டார், அவிழ்த்தார், மறுபடியும் போட்டார்.

அவரை அப்படியே அனுப்ப மேடத்துக்கு மனம் வரவில்லை. இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு வந்துகொண்டிருந்த லீடரை வரவழைத்தார். படப்பைப் பக்கத்துக்காரர், நாற்பது வயது. ஒன்றரை வருடம் தினமும் அந்தப் பெண்ணின் ஹேண்டோவரைக் கேட்டது அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யம்மா, உம் பொண்ணுகிட்ட நான் நேர்ல நின்னு பேசுனதே கெடையாது. அது பஸ் ஏறச்சொல்லோ நான் எறங்குவேன், கைய ஆட்டும், அவ்ளோதான். ஆனா தெனிக்கும் இந்தக் காதுல கேட்டுகினு இருந்தேன். மொதல்ல 'யக்கா, சாப்டியளா'ன்னு கேக்கும். மெஷின்ல போயி சாப்டியளான்னு கேக்குதே, நான் எப்டி பதில் சொல்றதுன்னு சிரிப்பேன். அப்பாலதான் வேல. 'நாலாம் போர்டுல கிளிப்பு லூசா இருக்கு, பாத்துக்கிடுங்க.' கடைசில, 'பாட்டில்ல தண்ணி புடிச்சு வச்சிருக்கேன், போயிட்டு வாரேன்.' ஒரு நாளு கூட அந்தத் தண்ணிய மறந்ததில்ல."

அந்த அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். லீடர் சொன்னார், தென்காசிப் பேச்சை வரவழைக்கப் பார்த்து, வராமல். மூன்றாவது தடவை கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பேச்சு அவ பேச்சுதான்" என்றார் அம்மா. "சத்தம் வேற." அதன் பிறகுதான் அழுதார்.

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட கேட் வரைக்கும் கூடப் போனேன். ஸ்டேஷன் வரை நானே பைக்கில் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது என் பக்கம் திரும்பிக் கேட்டார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"தம்பி, தெனமும் எடுத்து வச்சேன்னு சொன்னியளே. எம்மவ பேசுனத ஒரு நாளாவது நீங்க கேட்டிருக்கியளா?"

இல்லை என்று தலையாட்டினேன். அந்த டேப்லெட்டை வைத்தவன் நான். 'ஹலோ, டெஸ்டிங்' என்று நானே பேசியதைத் தவிர ஒரு பதிவையும் முழுதாகக் கேட்டதில்லை.

"கேட்டிருந்தா, அந்த லீடரு பிள்ள மாதிரி நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லியிருப்பிய" என்றார். ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டார்.

அன்று மாலையே அறிக்கையைத் திருத்தி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். மெமோ கிடைத்தது. மேனேஜர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு அது போதாது என்றுதான் தோன்றியது.

இப்போது பேக்கப் முடிந்ததும் ஃபைலின் அளவைச் சரிபார்க்கிறோம். ஒவ்வொரு மாதத்தின் பிரதியையும் அழிக்காமல் வேறு இடத்தில் தனியாக வைக்கிறோம். அதெல்லாம் மெஷின் செய்கிறது. ஒன்றை மட்டும் நான் மெஷினிடம் விடுவதில்லை. சனிக்கிழமைதோறும் ஒரு பிரதியைத் தனிக் கண்டெய்னரில் திறந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்கிறேன். சோதனைக்கு ஒரு பதிவு போதும். நான் அந்த வாரத்துப் பதிவுகள் அத்தனையையும் கேட்கிறேன். ஒருத்தி மூச்சு விடாமல் பேசுவாள், ஒருத்தி ஒவ்வொரு வரிக்கும் 'வந்து' போடுவாள், ஒருத்திக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிடும். அந்த அம்மா மறுபடியும் வந்து அதே கேள்வியைக் கேட்டால், எங்கள் லைனில் பேசுகிற ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் என்னால் இரண்டு வார்த்தை சொல்ல முடியும், அவருடைய மகளைத் தவிர.