தள்ளக்கூடாது என்றார்கள்

அமெரிக்காவில் இப்போது ஒரு பெரிய வழக்கு நடக்கிறது. வாதாடுவது தொலைக்காட்சியில். அவர்களுடைய ஃபுட்போல் ஆட்டத்தில் பந்தை வைத்திருப்பவன் கடைசி ஒரு கஜத்தைக் கடக்கமுடியாமல் நிற்கும்போது, அவனுடைய ஆட்களே பின்னால் வந்து அவன் புட்டத்தில் கைவைத்து முன்னே தள்ளுகிறார்கள். இதைத் தடைசெய்ய வேண்டுமா வேண்டாமா என்று கோட் அணிந்த பெரிய மனிதர்கள் மேசையைத் தட்டுகிறார்கள். ஒருவர் ஆபத்து என்றார். மற்றவர் பார்க்க அசிங்கம் என்றார். அசிங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன். என் கணவர் ஏன் என்று கேட்டார். தொண்ணூறுகளில் மூண்ட கோபம் என்று சொன்னால் சிரிப்பார். 

அப்போது எனக்குப் பதினொரு வயது. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஒழுங்கைதான் எங்கள் மைதானம். ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயப் பங்குப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே கூடுவோம். ஆட்டம் எளிது. மூன்று முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறவேண்டும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஆள் குறைந்த ஒரு நாள் அண்ணை என்னைச் சேர்த்துக்கொண்டான். ஆள் கூடிய பிறகும் என்னை அனுப்பவில்லை. காரணம், அவன் கண்டுபிடித்த வித்தை.

"நீ சின்னன். குனிஞ்சு பந்தை வயித்தோட பிடி. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்றான்.

நான் குனிவேன். அண்ணையும் மற்றவர்களும் பின்னாலிருந்து என்னைத் தள்ளுவார்கள். பெரிய பெடியன்களின் கால்களுக்கிடையே நான் மறுபக்கம் போய் விழுவேன். வகுப்பில் முதல் வாங்கில் உட்கார வைக்கப்பட்டவள், புகைப்படத்தில் எப்போதும் மறைக்கப்பட்டவள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் தேவைப்பட்டேன்.

இலையுதிர் காலத்தில் மொன்றியல் தமிழர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு விளையாட்டு நாள் நடத்துவார்கள். அந்த வருடம் அது கர்க்லாண்டில். வீடுகளுக்கு முன்னால் இரண்டு கார் நிற்கும் ஊர் அது. அங்கிருந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் ஓர் அணி. போருக்குத் தப்பி வந்த வீடுகளின் பிள்ளைகளான நாங்கள் மற்ற அணி. அவர்களுக்கு ஒரே நிறத்தில் சட்டை இருந்தது. எங்களுக்கு இருந்தது அம்மாமார் போட்டுவிட்ட சுவெட்டர். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு நடுவர்கள். அவர்கள் பக்கம் ஒரு டொக்டர், வெளுத்த மீசையோடு, மிக மரியாதையானவர். எங்கள் பக்கம் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி, ஊரிலிருந்து தனியாக வந்து எங்களோடு தங்கியிருந்தார். லொங்குய்யில் ஒரு பண்டகசாலையில் வேலை. அதிகம் கதைக்கமாட்டார். இரண்டு நடுவரும் ஒத்துக்கொண்டால்தான் எந்தத் தீர்ப்பும் செல்லும் என்று ஆரம்பத்திலேயே பேச்சு.

முதல் பாதி முழுக்க டொக்டரின் மகன் எங்களை மிதித்தான். பதினான்கு வயதில் கதவளவு உடம்பு. பந்தை எடுத்து நேராக எங்கள்மேல் ஓடிவருவான், நாங்கள் சிதறுவோம். எங்களில் ஒருவனுக்கு உதடு கிழிந்தது. டொக்டர் ஒரு பஞ்சால் இரத்தத்தைத் துடைத்துவிட்டு, விளையாட்டென்றால் இப்படித்தான் என்று அவன் முதுகில் தட்டினார். மகனின் பலத்தைத் திறமை என்று சுற்றி நின்ற பெற்றோர் மெச்சினார்கள்.

பிறகு நாங்கள் தள்ளினோம். முதல் தடவை அந்தக் கதவே பின்னால் சாய்ந்தது. இரண்டாம் தடவை நான் அவன் முழங்காலுக்குக் கீழால் போய்க் கோட்டைத் தாண்டினேன். ஆட்டம் சமநிலைக்கு வந்தது. எங்கள் ஆட்கள் போட்ட சத்தத்தில் மேப்பிள் மரங்களில் மிச்சமிருந்த இலைகளும் கொட்டியிருக்கும்.

டொக்டர் விசிலை ஊதினார்.

"சார், இத பாக்கவே அசிங்கமா இருக்கு. இது கேமே இல்ல. தெருச் சண்டை மாதிரி இருக்கு. பேன் பண்ணிடலாம்."

தெரு என்ற சொல்லை அவர் எங்கள் சுவெட்டர்களைப் பார்த்தபடி சொன்னார். எனக்குக் காது சுட்டது. சித்தப்பா அமைதியாக, விதியில் தள்ளக்கூடாதென்று எங்கும் இல்லை, பிள்ளைகள் விளையாடட்டும் என்றார். அந்த நிமிடத்தில் அவரைவிட உயரமான மனிதர் கனடாவிலேயே இல்லை.

மூன்றாம் தடவை நாங்கள் தள்ளப்போனபோது மழைத் தூறல் விழுந்திருந்தது. நான் குனிந்தேன், தள்ளினார்கள், முன்வரிசை நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் இன்னும் பலமாகத் தள்ளினார்கள். எல்லோரும் என்மேல் சரிந்தார்கள். என் முகம் சேற்றில் புதைந்தது. மூச்சு வரவில்லை. மேலே அண்ணை "தள்ளு, தள்ளு" என்று கத்துவது தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. ஒருவர் ஒருவராக எழும்பியபோது பந்து கோட்டுக்கு அரைச் சாண் முன்னால் என் வயிற்றுக்கடியில் இருந்தது. எங்கள் மூன்று முயற்சிகளில் இன்னும் ஒன்று மிச்சம். நான் இருமிக்கொண்டே சிரித்தேன்.

சித்தப்பா ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. என்னைத் தூக்கி இருத்தி, விரலை விட்டு வாயிலிருந்த சேற்றை வழித்தெடுத்தார். சேறு தீர்ந்த பிறகும் மறுபடி விரலை விட்டுப் பார்த்தார்.  பிறகு எழுந்து டொக்டரிடம் போனார்.

"நீங்கள் சொன்னது சரி, டொக்டர். இனித் தள்ளக்கூடாது."

டொக்டர் மிக நாகரிகமாக அவருக்குக் கை கொடுத்தார். அந்தக் கையைத் தட்டிவிடவேண்டும்போல் இருந்தது எனக்கு.

கடைசி முயற்சியில் என்னை யாரும் தள்ளவில்லை. நான் தனியாகக் குனிந்து தனியாக மோதினேன். டொக்டரின் மகன் என்னை ஒரு பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிப் பின்னால் வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள், எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். பந்து அவர்களிடம் போனது. சற்று நேரத்தில் ஆட்டமும் போனது.

வீட்டுக்குத் திரும்ப வான் வண்டியில் ஏறும்போது அண்ணை கேட்டான். "அவையளுக்குப் பயந்திட்டியளோ, சித்தப்பா?"

சித்தப்பா வண்டியை ஓட்டத் தொடங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "பின்னால நிண்டு தள்ளுறவனுக்கு, முன்னால கிடக்கிறது ஆரெண்டு தெரியாது" என்றார்.

இது ஒரு பதிலா என்று எனக்கு இன்னும் எரிந்தது. முன்னால் கிடப்பது நான்தான் என்பது அண்ணைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதானே தள்ளினான். அன்றிலிருந்து பனி கொட்டும்வரை சித்தப்பாவோடு நான் கதைக்கவில்லை. அவர் வேலையால் வரும்போது வழக்கம்போல் தெருமூலை டெப்பனர் கடையில் எனக்குச் சொக்லேட் வாங்கிவந்து மேசையில் வைப்பார். நான் தொடமாட்டேன்.  அடுத்த நாள் இன்னொன்று இருக்கும்.

எனக்குத் திருமணமான பிறகு ஒரு நாள் அம்மா சொன்னார். சித்தப்பா கனடாவுக்கு வருமுன், போருக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிட்ட சனம் கடலேரிக் கரையில் வள்ளத்துக்குக் காத்து நின்றதாம். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் பின்னால் நின்றவர்கள் தள்ளினார்களாம். சித்தப்பாவும் பின்னால்தான் நின்றார். அவரும் தள்ளினார். விடிந்தபோது முன்னால், இறங்குதுறைச் சேற்றுக்குள், அந்த நாளைய என் வயதுப் பிள்ளை ஒன்று மிதிபட்டுச் செத்துக் கிடந்தது. யாருடைய பிள்ளை என்று அவர் கடைசிவரை விசாரித்துக்கொண்டே இருந்தாராம்.

டொக்டர்மேல் எனக்கிருந்த கோபம் நியாயமானது. அதை நான் விடப்போவதில்லை. ஆனால் அன்று கர்க்லாண்டில் கைகொடுத்துக்கொண்ட இரண்டு பேரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களில் ஒருவர் அந்த நேரம் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது, வாயில் சேறும் கண்ணில் நெருப்புமாக நின்ற எனக்கு எப்படித் தெரியும்?